பீரோ சாவி யாருக்கு?

விருதுநகரில் திருமணத் தகவல் மையம் நடத்தும் இன்பவல்லிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்கும் சீடர் மாசிலாமணிக்கோ அறுபது. ஓய்வுபெற்ற ஏட்டு. மகளுக்கு வரன் தேடி வந்தவர், இரண்டு தடவை நிச்சயமாகி முறிந்த கதையைக் குருவின் காதோடு சொல்லிவிட்டு, "நீங்களே கதி, குருவம்மா" என்று அங்கேயே தங்கிவிட்டார்.

ஜாதகப் பீரோவைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது.

"நீங்களே பார்த்து எடுங்க, ஏட்டையா" என்றாள் இன்பவல்லி.

ஸ்டேஷன் பழக்கம் சும்மா இருக்குமா? வந்த ஐந்து பெண்களையும் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்தார்.

"ம்ம்... போனை எடு. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், எல்லாத்தையும் திற. மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"

நான்கு பேர் திறந்து நீட்டினார்கள். ஐந்தாமவள் செண்பகம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வேலை கேட்டுத்தானே சார் வந்தேன்? ஜாமீன் கேட்டு வரலையே!"

மற்ற நால்வரும் களுக்கென்று சிரித்தார்கள். ஏட்டையாவின் மீசை துடித்தது.

"அப்படி என்னத்தைப் பதுக்கி வச்சிருக்கே?"

"இதுல என் கதை மட்டும் இல்லை, சார்."

"அப்ப உனக்கு வேலையும் இல்லை. நடையைக் கட்டு!"

வேலை கேட்டு அவள் மாடியேறிய ஏழாவது இடம் அது. இதுவும் போனால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க வேண்டியதுதான். ஆனாலும் ஜிப் திறக்கவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

ஏட்டையா துள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

"நாலு பேரையும் அலசிட்டேன், குருவம்மா! ஒருத்திக்கு அவ சிநேகிதி எழுதியிருக்கா, கேளுங்க." மூக்கால் இழுத்தார். "'அய்யோ அக்கா, எனக்கு வலிப்பு வருதுன்னு மாப்பிள்ளை வீட்ல மூச்சு விட்ராதீங்க...'"

இன்பவல்லி சிரிக்கவில்லை.

"அந்தச் சிநேகிதி வேலை கேட்டு வந்தாளா?"

"இல்லையே."

"அவ சங்கதி இப்ப யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு... இப்ப உங்களுக்கும்."

இன்பவல்லி இடுப்பிலிருந்து பீரோ சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மூணாவது தட்டுல உங்க மக ஜாதகம் இருக்கு. நீங்க காதோட சொன்னதையும் அதுலயே எழுதி வச்சிருக்கேன். அஞ்சு பேர்ல யார்கிட்ட இந்தச் சாவியைக் கொடுக்கலாம்னு சொல்லுங்க, ஏட்டையா."

ஏட்டையா சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். செருப்புக்கூட மாட்டாமல் தடதடவென்று படியிறங்கி ஓடினார். கிளம்பிவிட்ட சாத்தூர் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்து, கையை நீட்டி நின்றார். பிரேக் கிறீச்சிட்டது.

"என்ன ஏட்டையா, கேஸா?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது ஜன்னலில் செண்பகம். ஏட்டையா அந்த ஜன்னலடிக்கு வந்தார். மூச்சிரைக்க விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். பிறகு, பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சாவியை ஜன்னல் வழியே நீட்டினார்.