டான்யூப் தரைக்குள் போன இடம்

அந்தக் காலத்தில், ஆறுகளுக்குப் பேச்சு இருந்தபோது, வெண்டல் தன் மனைவி அஃப்ராவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது டான்யூப் ஆற்றின் நடுவில்தான். ரோமம் கத்தரிப்பதற்கு முன்பு ஆடுகளைக் குளிப்பாட்டும் நாள் அது. முழங்கால் தண்ணீரில் ஒரு நொண்டிக் கிடாவைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் உங்களைப் போலத்தான், குளியல் என்றால் ஓடுகிறது" என்று சிரித்தாள். அவன் அடுத்த ஆட்டைப் பிடிக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது கிடா மட்டும் நின்றது. அவள் நின்ற இடத்தில் தண்ணீர் சுழன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அது ஜெர்மனியின் தெற்கு. எல்ப், வேசர், ரைன் ஆறுகள் வடகடலைத் தேடிப் போக, டான்யூப் ஒருத்திதான் கிழக்கே கருங்கடலுக்குப் புறப்பட்டாள். அண்ணன் ரைனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் பள்ளத்தில் ஓடுகிறவன், தங்கை மேட்டில் ஓடுகிறவள். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் விரல் விட்டு விட்டு அவள் படுகையில் ஓட்டை போட்டான்.

அந்த ஓட்டைகளைக் களிமண்ணில் ஆட்டு ரோமம் பிசைந்து ஊரார் அடைப்பார்கள். உள்ளேயிருந்து யார் குரல் வந்தாலும் பதில் சொல்லமாட்டார்கள். பதில் சொன்னால் ரைனுக்கு வழிவிட்டதாகிவிடும். அஃப்ரா போன ஓட்டையையும் அன்றே அடைத்தார்கள். பக்கத்து வீட்டு காஸ்பர்தான் மண்ணை மிதித்தார். "வீட்டுக்குப் போ தம்பி. நீ பார்க்காதே" என்றார்.

கோடையில் ஆறு மெலிந்து, அடைத்த மண் வெளியே தெரிந்தது. வெண்டல் ஆடுகளோடு அந்தப் பக்கம் போனான்.

"என்னங்க" என்றது மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அவன் மண்ணருகே மண்டியிட்டான்.

"வெண்டல், அது அவளில்லை" என்றாள் டான்யூப். "என் அண்ணன். மண்ணை எடுத்தால் நான் போய்விடுவேன்."

"கிடாவுக்குக் கால் ஆறிவிட்டதா?" என்று கேட்டது கீழிருந்த குரல்.

"கேட்டாயா? கிடாவின் கால் உன் அண்ணனுக்கு எப்படித் தெரியும்?" என்றான் வெண்டல்.

"துணி துவைக்கும்போது அவள் என்னிடம் பேசியதையெல்லாம் அவன் கீழே இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தான்!"

வெண்டல் காதைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்குள்ளும் அது வந்தது. "மூச்சு முட்டுதுங்க."

"இதோ, வந்துவிட்டேன் அஃப்ரா!"

சொல்லிக்கொண்டே மண்ணைப் பிராண்டி எறிந்தான். குளிர்ந்த காற்று ஒன்று அவன் முகத்தை முகர்ந்தது. பிறகு அடித்தொண்டையில் ஒரு சிரிப்பு கேட்டது. "தங்கையை அனுப்பி வைத்தாயே, நல்லா இரு மாப்பிள்ளை!"

டான்யூப் அலறினாள். கரையின் வேர்களைப் பற்றினாள், வேர்கள் அறுந்தன. வெண்டல் தன் கோட்டைச் சுருட்டித் திணித்தான், கைகளைத் திணித்தான், கடைசியில் மார்போடு கவிழ்ந்து படுத்தான். காஸ்பர் ஓடிவந்து அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். "விடுங்கள் அண்ணே, என்னையும் விடுங்கள்" என்று அவன் கதறினான். அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

வெயில் சாய்வதற்குள் அலறல் நின்றது. ரைனும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே.

அன்று முதல்தான் கோடை வந்தால் டான்யூப், இம்மெண்டிங்கன் ஊருக்குப் பக்கத்தில் தரைக்குள் இறங்கிவிடுகிறது. தெற்கே ஆஹ் என்ற ஊரில் ஊற்றாகக் கிளம்பி, போடன் ஏரியில் கலந்து, ரைனோடு வடக்கே போகிறது. கிழக்கே போகும் டான்யூப்பை வழியில் சேரும் சிற்றாறுகள்தான் மறுபடி நிரப்புகின்றன. இடையில் வறண்ட படுகையில் வெள்ளைக் கற்கள்தான் கிடக்கின்றன. செருப்பு நனையாமல் நடந்து கடக்கலாம்.