நடுச்சுவரில் ஒரு வளைவு

மூன்றாவது ஜிப்சம் பலகையும் படாரென்று உடைந்தபோது அருளப்பன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் தம்பி மரியநாதனோடு சண்டை போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தன் கையாலேயே நடுச்சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்கியவர் அவர். அண்ணன் தம்பி இருவருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள். இப்போது அறுபது வயதில் மனசு கேட்கவில்லை. சுவரை உடைக்கலாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். உடைக்கட்டும் என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

இடித்த இடத்தில் அழகாக ஒரு வளைவு வைத்துவிட்டு, அப்புறம் தம்பியைக் கூப்பிடலாம் என்று எண்ணம். அதுவரை தம்பியின் பக்கத்தை ஒரு தார்ப்பாய் மறைத்தது. அடைத்த கைதான் திறக்க வேண்டுமென்று வளைவு வைக்கும் வேலையையும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். குரு, அவரைவிட இருபது வயது இளைய ரெஜினா மேஸ்திரி.

“வளையவே மாட்டேங்குது மேஸ்திரிம்மா. உறுதியா நிக்க என்ன செய்யணும்?”

அதுவரை அவரையே செய்யவிட்டு வெளியே இருந்த ரெஜினா உள்ளே வந்து தரையில் குந்தி, கடைசிப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டாள். அருளப்பனுக்குத் தலை சுற்றியது. உறுதி கேட்டால் வெட்டுகிறாளே!

“கீறினா பலம் போயிடாதா?”

“கீறாதது மூணு உடைஞ்சு கிடக்கு.”

இதுவரை எப்படிப் பொருத்தினீர்கள் என்று கேட்டாள். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டு நடுவை மேலே தள்ளினேன் என்றார். ரெஜினா சிரித்துவிட்டாள். பலகையின் நடுவை முதலில் வளைவின் உச்சியில் முடுக்கிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் மெல்ல வளைவுச் சட்டத்தோடு அணைக்க வேண்டும் என்றாள்.

நடுவை முடுக்கினார்கள். இந்த முனையை அழுத்தினால் அந்த முனை விலகியது. அதைப் பிடித்தால் இது. அருளப்பன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல விழித்தார்.

“ஒரு முனையை நீங்க பிடிங்க.”

“நான் ஸ்குரு முடுக்கணும் அண்ணே.”

“அப்ப யார் பிடிக்கிறது? எனக்கு ஒண்ணும் விளங்கல.”

“இறங்கிக் குனிஞ்சு பாருங்க.”

அவருக்குக் குழப்பம்தான். ஆனாலும் இறங்கிக் குனிந்தார். தார்ப்பாய்க்குக் கீழே, அந்தப் பக்கம், இரண்டு பாதங்கள் தெரிந்தன. பெருவிரலில் தம்பிக்கு இருந்த அதே பழைய தழும்பு.

“எப்ப வந்தான்?” என்றார் மெதுவாக.

“முதல் பலகை உடைஞ்சப்பவே வந்துட்டாரு. நீங்கதான் கூப்பிடல.”