மேனேஜர் டிஸ்க்குக்கு ஒரு கேட் பாஸ்

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே பத்து கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளையும் நெட்வொர்க் வழியாக ஒரே பேக்கப் பெட்டியில் நகலெடுப்பது செண்பகவல்லியின் வேலை.

"அடுத்த வாரம் பெட்டி நிரம்பிடும். எந்த டிஸ்க்கை விடலாம் சார்?" என்று கேட்டாள்.

மேனேஜர் வேதாசலம் எகிறினார். "ஒண்ணையும் விடக்கூடாது, புதுப் பெட்டியும் கிடையாது. என் டிஸ்க்குதான் முதல்ல! முடியலேன்னா வேற வேலை பாத்துக்கோ."

"ஆகட்டும் சார்."

சனிக்கிழமைதோறும் அந்தப் பெட்டி பத்திரத்துக்காக முதலாளி வீட்டுக்குப் போகும். மில்லை விட்டு ஓர் ஆணி போனாலும் கேட் பாஸ் வேண்டும். வாட்ச்மேன் அதை உரக்க வாசித்துத்தான் அனுப்புவார். செண்பகவல்லி இந்தத் தடவை ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருப்பதைப் பாஸில் எழுதி நீட்டினாள். வேதாசலம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் கேட்டில் நின்ற நேரம். வாட்ச்மேன் மாடசாமி வாசித்தார்: "பஞ்சு கொள்முதல் விவரம். நூல் ஆர்டர் விவரம். மேனேஜர் டிஸ்க்: மச்சினிச்சி கல்யாண வீடியோ நாப்பது, சினிமா முந்நூத்திப் பன்னெண்டு..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேதாசலம் ஓடிவந்தார். "என் டிஸ்க்கைப் பெட்டியிலேருந்து எடுத்துடும்மா!"

"ஒண்ணையும் விடக்கூடாதுன்னீங்களே சார்?"

"மில் சமாச்சாரத்தை மட்டும்தான் சொன்னேன்!"

"அதையே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள்.

இந்தத் தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் டிஸ்க்கின் நகலை அழித்ததும் பெட்டியில் பாதி இடம் காலியானது.