இசைமதியின் தாகம்

ஒரு விடுகதை. ஏழு கடல் தாண்டும், ஏழு மலை தாண்டும், வாசற்படி தாண்டாது. அது என்ன?

மனம் என்று சொல்லிவிடாதீர்கள். அது எல்லா விடுகதைக்கும் பொருந்திவிடும். கதையைக் கேளுங்கள், விடை தானாக வரும்.

தென்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சனிக்கிழமைதோறும் சிறுவர் நூலகத்தில், ருகையா கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். மாயக்கதை நாவல்கள் எழுதுகிறவர் அவர். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் ஞானதுரை. லாரி ஓட்டியவர். மலைப்பாதை வளைவில் வண்டி உருண்டதில் அவருடைய கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. படுக்கையில் கிடந்த வருஷங்களில், பறக்கும் இளவரசன் ஒருவனைப் பற்றி நாவல் எழுத ஆரம்பித்தார். ஆசிரியரைவிட மாணவருக்கு வயது அதிகம். அவர் “டீச்சர்” என்பார். ருகையா “அண்ணாச்சி” என்பார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதை ருகையா திருத்தமாட்டார். நூலகத்துக்கு வரும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொல்வார். எந்தப் பக்கத்தில் பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போகிறதோ, அந்தப் பக்கம் தேறவில்லை.

ஞானதுரையின் கதையைக் கேட்டவள் இசைமதி. இரண்டாம் வகுப்பு. எல்லா வாரமும் முதல் பக்கத்திலேயே அவளுக்குத் தாகம் எடுத்தது.

“பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி ஏதும் இருக்குமோ, டீச்சர்?”

“மத்தவங்க கதைக்குத் தாகம் எடுக்கலையே, அண்ணாச்சி.”

ஞானதுரை காகிதங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். “இன்னும் ஒரு தடவை எழுதுறேன். அதுக்கும் அவ எழுந்து போனா விட்டுடுவேன். எனக்குன்னு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்.”

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது, ருகையா யாரையும் கூப்பிடவில்லை. வழக்கமாக இரண்டு பேர் வந்து சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியேற்றுவார்கள். அன்று ருகையா தாமே வெளியே வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

“உங்க இளவரசன் கடலை எப்படித் தாண்டினான்?”

“பறந்து.”

“மலையை?”

“பறந்துதான்.”

“இந்தப் படியை?”

ஞானதுரை மடியிலிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

“ஒரு வீட்டுக்குப் போனா முதல்ல எதைப் பார்ப்பீங்க, அண்ணாச்சி?”

“படியைத்தான். எவ்வளவு உயரம், பக்கத்துல சரிவு இருக்கா, தூக்கிவிட ஆள் இருக்கான்னு.”

“உங்க நாவல்ல ஒரு படிகூட இல்லையே.”

“அதை மறக்கத்தானே எழுதுறேன், டீச்சர். அங்கேயாவது இல்லாம இருக்கட்டும்னு.”

 ருகையா நாற்காலியின் சக்கரத்தில் கை வைத்தார்.

“ஜாக்கி போட்டுத் தூக்கின லாரியை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு மிதிச்சா சக்கரம் சுத்துமா?”

“ஜோராச் சுத்தும்.”

“எவ்வளவு தூரம் போகும்?”

ஞானதுரை சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நாற்காலியைத் திருப்பினார்.

“வகுப்புக்கு வரலையா?”

“வீட்டுக்குப் போறேன், டீச்சர். ஜாக்கியை இறக்கணும்.”

மழைக்காலம் முடிந்து அவர் திரும்பி வந்தார். பின்னாளில் நாவலாக அச்சேறியது அன்று அவர் வாசித்த கதைதான். அதில் இளவரசன் இல்லை. ஒரு குதிரை இருந்தது. வானத்திலேயே பிறந்த குதிரை. இறக்கை உண்டு, கால் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் ஒரு சிறுமிக்காக மூலிகையைக் கவ்விக்கொண்டு, ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டி அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் இறக்கையை விரித்தால் வாசலில் இடம் போதாது. மடக்கினால் படியேறக் கால் இல்லை.

முதல் பக்கம் போயிற்று. பத்தாம் பக்கம் போயிற்று. இசைமதி எழுந்திருக்கவில்லை.

“அப்புறம், மாமா?”

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ருகையாவிடம் திரும்பினார்.

“ரெண்டு முடிவு வச்சிருக்கேன், டீச்சர். ஒண்ணுல, குதிரைக்கு வரம் கிடைச்சுக் கால் முளைக்குது. இன்னொண்ணுல, ஊர்க்காரங்க படியை இடிச்சுச் சரிவாக்கிடுறாங்க. எதை வைக்கட்டும்?”

“என்னைக் கேக்காதீங்க. தண்ணி குடிக்கப் போகாதவளைக் கேளுங்க.”

இசைமதி கொஞ்சம் யோசித்தாள்.

“கால் முளைச்சா அது வேற குதிரை, மாமா.”

அவள் படியை இடிக்கச் சொன்னாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனாள்.