திருப்பிப் போட்ட பை

“இது குடலே இல்ல மேடம்,” என்றார் நல்லசிவம். “கிருமியை ஊத்தி மூணு நாளாச்சு. ஒரு மணிக்காவது நோய் வரணுமே. குத்துக்கல்லாட்டம் இருக்கு.”

குழந்தைகள் வார்டில் இருபத்தைந்து வருஷம் பார்த்த டாக்டர் அவர். ஆய்வுக்கூடத்து வேலை படிக்க இப்போதுதான் வந்திருந்தார். சொல்லிக்கொடுக்கிற ரெஜினாவுக்கு அவர் மகள் வயசு.

மணி என்றால் கடுகுக்கும் சின்ன குடல் உருண்டை. பூவிழி என்கிற ஐந்து வயசுப் பிள்ளையின் குடலில், அவள் அப்பா சம்மதத்தோடு ஒரு கிள்ளு எடுத்து, ஜெல்லிக்குள் வைத்து வளர்த்தது. பிள்ளை வயிற்றுக் கழிச்சலில் இறந்துபோய் ஆறு மாசம். மணி வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் கழிச்சலுக்கு மருந்து கிடையாது. நாலு புது மருந்து பிரிட்ஜில் இருந்தது. மணிக்கு நோய் வந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியும். மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. போன மழையில் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளை.

“பூவிழிக்குக் கிருமி எப்படிப் போச்சு சார்?”

“வாய் வழியா. குடலுக்கு உள்ள.”

“நீங்க எங்க ஊத்துனீங்க?”

“மணி மேல.”

“முதுகுல சோத்தைக் கொட்டிட்டு, சாப்பிடலையேன்னு கோவிச்சுக்கிறீங்க.”

நல்லசிவத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சோறு படுகிற பக்கம் மணிக்கு உள்ளே அல்லவா இருக்கிறது. அதற்கு வாயும் இல்லை.

“அப்ப எப்படி மேடம்?”

ரெஜினா அவருடைய மஞ்சள் பையை எடுத்தாள். டிபன் பாக்ஸை வெளியே வைத்தாள். பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். தையலில் ஒட்டியிருந்த நேற்றைய பருக்கை ஒன்று வெளியே தெரிந்தது.

“இத்துனூண்டை யார் இப்படித் திருப்புறது? ஊசி முனைகூட உள்ள போகாதே.”

“ஜெல்லியைக் கழுவி எடுத்துட்டு மிதக்க விடுங்க. அப்புறம் கை வைக்காதீங்க.”

அப்படியே செய்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தது. ஒவ்வொரு மணியும் தன்னைத்தானே புரட்டிப் போட்டிருந்தது.

“யார் மேடம் திருப்புனது?”

“கதவைப் பூட்டுனது நீங்க. சாவி உங்க பையில இருக்கு.”



மறுபடி கிருமியை ஊற்றினார். மணிகள் இருந்த தட்டில் ஐந்து குழி. நாலுக்கு ஒவ்வொரு மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுக்கு ஒன்றுமில்லை.

இரண்டு நாளில் நாலு குழி சாம்பல் கரைத்தாற்போல் கலங்கிவிட்டது. மூன்றாவது மருந்து விட்ட குழியில் மட்டும் மணிகள் தெளிவாக, முழுசாக நின்றன.

நல்லசிவம் மருந்தின் பெயரை எழுதினார். எழுதிவிட்டும் எழுந்திருக்கவில்லை.

“என்ன சார்?”

“அன்னிக்கே இதை யாராவது சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளை...”

ரெஜினா அந்தக் குழியைப் பார்த்தாள்.

“இப்பச் சொன்னதே அந்தப் பிள்ளைதானே சார்.”