அலமாரியில் இருந்த மெமரி

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கம்ப்யூட்டர் கடை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபது. கம்ப்யூட்டர் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

குரு ரஹ்மத் நிஷா, கடைக்குச் சொந்தக்காரர். கையில் பழுதான போர்டு இருந்தால் பேச மாட்டார். சீடர் தணிகாசலம், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பெட்டகத்துக்கு இருபத்தெட்டு வருடம் சாவி வைத்திருந்தவர். அவர் காலத்தில் ஒரு குந்துமணி தங்கம் குறைந்ததில்லை. ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தொழில் கற்க வந்துவிட்டார். கடையின் சரக்கு அலமாரிச் சாவியையும் நிஷா அவரிடமே கொடுத்திருந்தார்.

அந்த வருடம் கம்ப்யூட்டருக்குள் செருகும் மெமரி, அதாவது ரேம், விலை தாறுமாறாக ஏறியது. முப்பத்திரண்டு ஜிபி மெமரி மூன்றே மாதத்தில் மூன்று மடங்கு. காலையில் சொன்ன விலை சாயங்காலம் செல்லாது. டீலரைக் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். கடையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. தணிகாசலம் அதை ஒரு நகைப் பெட்டிக்குள் வைத்து அலமாரியில் பூட்டினார். யார் கேட்டாலும் ஸ்டாக் இல்லை என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜெயசுதா என்ற பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கட்டப்போகும் வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் முகப்புப் படம் வரைந்து கொடுப்பவர்.

"சார், முப்பத்திரண்டு ஜிபி இருக்கா? பாதி படத்துலயே மெஷின் நின்னுடுது. திங்கக்கிழமை பில்டர்கிட்ட காட்டணும். இல்லன்னா பத்து வீட்டு வேலையும் வேற ஆளுக்குப் போயிடும்."

"ஸ்டாக் இல்லம்மா."

"விலை கூட ஆனாலும் பரவால்ல சார்."

அந்த வார்த்தை தணிகாசலத்துக்கு இனித்தது. இன்றைக்கே இப்படியென்றால் அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.

"இல்லவே இல்லம்மா."

ஜெயசுதா இறங்கிப் போனார். பின்மேஜையில் ஒரு போர்டில் சாலிடர் பற்றவைத்துக்கொண்டிருந்த நிஷா நிமிரவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் தணிகாசலம். "நம்மகிட்ட இருக்கறது இன்னும் எவ்வளவு ஏறும்? எப்ப வித்தா சரியா இருக்கும்?"

நிஷா எழுந்து வந்து சாவிக்குக் கை நீட்டினார். அலமாரியைத் திறந்து, நகைப் பெட்டியிலிருந்து மெமரியை எடுத்தார். பில் போடும் கம்ப்யூட்டரை அணைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, அதில் செருகி, மறுபடி ஓடவிட்டார்.

தணிகாசலம் பதறினார். "மேடம், பில் போடறதுக்கா அது? அநியாயமா வீணாகுதே."

"நேத்து எங்க சார் இருந்துச்சு?"

"அலமாரியில. பத்திரமா."

"அங்க எத்தனை பில் போட்டுச்சு?"

தணிகாசலம் காலி நகைப் பெட்டியை மூடினார். "தங்கம் மாதிரின்னு நெனச்சுட்டேன் மேடம். வச்சிருந்தா ஏறும்னு."

"அடுத்த மாடல் மதர்போர்டு வந்தா இது அதுல பொருந்தாது. அப்ப கழுத்துல போட்டுக்குவீங்களா?"

தணிகாசலம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். எதிர்க்கடை வாசலில் ஜெயசுதா நின்றிருந்தார். அந்தக் கடைக்காரரும் கையை விரித்தார். தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் இரண்டு முறை கூசாமல் பொய் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டரை அணைத்து, மெமரியைத் தன் கையாலேயே கழற்றினார். படி வரைக்கும் போய் நின்றார்.

"என்ன விலை சொல்லட்டும் மேடம்? திங்கக்கிழமை இன்னும் ரெண்டாயிரம் ஏறும்னு பேசிக்கிறாங்க."

"இன்னிக்கு விலை சொல்லுங்க."

"திங்கக்கிழமை வேற யாராவது வந்து கேட்டா? நம்மகிட்ட ஒண்ணுகூட இருக்காதே."

நிஷா சாலிடர் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஸ்டாக் இல்லன்னு சொல்லுங்க சார். அன்னிக்கு அது உண்மையா இருக்கும்."