சுண்டக் காய்ந்த நீர்க்கரடி

குளத்தங்கரைப் பாறையில் படர்ந்திருந்த பாசிக்குள் ஒரு நீர்க்கரடி வாழ்ந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு கடுகின் மேல் இரண்டு மூன்று நீர்க்கரடிகள் தாராளமாக உட்காரலாம். கால்கள் மட்டும் எட்டு.

சித்திரை வெயிலில் பாசி காயத் தொடங்கியது. எட்டுக் கால்களையும் உள்ளிழுத்து, உடம்பிலுள்ள நீரையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மணியைப் போல இறுகி, மழை வரும்வரை கிடப்பது கரடியின் குலவழக்கம். ஒரே நிபந்தனை: மெல்ல மெல்லக் காய வேண்டும். சட்டென்று காய்ந்தால் மறுபடி எழ முடியாது.

முதல் காலை மடக்கியபோது ஒரு செவ்வுண்ணி வழிமறித்தது. சிற்றுயிர்களைக் குத்திச் சாறு உறிஞ்சுவதுதான் அதன் பிழைப்பு.

“என்ன கரடியம்மா, காலை மடக்குறீங்க? கும்பிடு போடறீங்களா?”

ஓடித் தப்ப முடியாது. கரடியின் நடை ஆமைக்கே அலுப்பூட்டும்.

“இப்பக் குடிச்சா வெறும் தண்ணி, உண்ணியண்ணே. பாலைச் சுண்டக் காய்ச்சிக் குடிக்கிறதில்லையா? என் தண்ணி வத்தட்டும். சாயங்காலம் சாரம் மட்டும் நிக்கும்.”

உண்ணிக்கு நாக்கு இல்லை, இருந்திருந்தால் ஊறியிருக்கும்.

“சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? வெயில்ல போடறேன், உடனே வத்திடும்” என்று கரடியைப் பிடித்து இழுத்தது.

நிழலுக்கு வெளியே பாறை தகித்தது. இன்னும் சற்றுப் போனால் கரடியின் கதை முடிந்தது. குரல் நடுங்காமல் அது சொன்னது:

“இழுங்க, எனக்கென்ன. பெருந்தீயில வச்சா பால் அடிப்பிடிக்கும். காந்தல் நாத்தம் பிடிக்கும்னா சரி.”

உண்ணி நின்றது. யோசித்தது. கரடியை நிழலுக்கே திருப்பித் தள்ளியது.

“ஏமாத்தினா குத்திடுவேன்.”

“குத்துங்களேன். பக்கத்துலதானே இருக்கீங்க.”

இரண்டாவது கால் மடங்கியது. மூன்று. நான்கு. ஐந்தாவது மடங்கும்போது உண்ணி பொறுமையிழந்து ஊசிவாயை நீட்டியது.

“ஒரே ஒரு சொட்டு, ருசி பாக்க.”

“பாருங்க. ஓட்டை விழுந்த சட்டியில மிச்சம் நிக்காது, அவ்வளவுதான்.”

ஊசி பின்வாங்கியது.

பொழுது சாயும்போது எட்டாவது காலும் உள்ளே போயிற்று. கரடியின் பேச்சும் நின்றது. உண்ணி ஆசையோடு குத்தியது. கல்! இன்னும் ஓங்கிக் குத்தியது. ஊசி வளைந்ததுதான் மிச்சம்; உறிஞ்ச ஒரு சொட்டும் இல்லை. பசியோடு அது வேறு ஈரம் தேடிப் போனது.

ஐப்பசியில் மழை பெய்தது. கரடி ஊறியது, ஒவ்வொரு காலாக நீட்டியது, பாசியை மேயப் போனது.

பேராசை நமக்கு லாபம் தேடித் தருவதற்கு முன்பே எதிராளிக்கு நேரம் தேடித் தந்துவிடும்.